தர்மபுரத்தில் ஒரு கடல்வலை

சண்டைக்குப் பயந்து முல்லைத்தீவுக் கரையை விட்டு நாங்கள் எழும்பிய அன்று மாட்டு வண்டிலில் எங்களுக்குக் கிடைத்த இடம் இரண்டு கதிரை போட்டு உட்காரும் அளவுதான். அலுமாரியை ஏற்ற முடியாது, அதன் கண்ணாடிக் கதவையாவது கழற்றி ஏற்றுவோம் என்றார் என் கணவர். நான் வலையை ஏற்றினேன். உப்பும் செதிலுமாக, காயாத வலை. வண்டில்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். வழியெல்லாம் சனம் எங்களைத் தாண்டிப் போகும்போது ஒருவர் கேட்டார், "கடலையும் கட்டிக்கொண்டோ வாறியள்?"

"ஓம், கொஞ்சம் கிடக்கு" என்றேன்.

அந்த வலையை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வராததற்குக் காரணம் உண்டு. ஆலையில் பின்னி வந்த வெறும் துண்டுகளாகத்தான் அதை வாங்கினோம். மேல்கயிறு, கீழ்க்கயிறு கட்டி, மிதவையும் ஈயக்கட்டியும் கோத்து அதை வலையாக்கியவள் நான். என் சுட்டுவிரலில் நூல் அறுத்த தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. கரையில் எல்லோரும் அதை என் கணவரின் வலை என்றார்கள். நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை.

தர்மபுரத்தில் ஒரு தோட்டக்கார அக்காவின் காணி மூலையில் கொட்டில் போட்டுக்கொண்டோம். அவவின் தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். மிளகாயும் கச்சானும் பயிர் செய்துகொண்டிருந்தா. கடலை ஒரேயொரு தடவைதான் பார்த்திருப்பதாகச் சொன்னா.

வந்த மூன்றாம் நாளே எலி வலையைத் தேடி வந்துவிட்டது. ஓரத்தில் கைபோகும் அளவுக்கு ஓட்டை. எலிக்கு நைலோன் ருசியில்லை, அதில் ஊறிய உப்பும் மீன்வாடையும்தான் ருசி என்பது எனக்குத் தெரியும். அவற்றைப் போக்கினால் வலை தப்பும். ஆனால் அதற்கு எத்தனையோ வாளி நன்னீர் வேண்டும். கிணறு அக்காவினுடையது. போய்க் கேட்டேன். அவ ஒரு நிபந்தனை வைத்தா.

"தண்ணிய சும்மா ஊத்தாத புள்ள. மொதக் கழுவல் தென்னைக்குப் போகட்டும், அதுக்கு உப்பு ஒண்ணும் செய்யாது. பொறகு கழுவுறத வாழைக்கு விடு."

அப்படியே செய்தேன். இரண்டு நாள் கழுவினேன். கடைசிக் கழுவல் முடிந்ததும் வலையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புப் போய்விட்டதா என்று அறிய அதைவிட நல்ல வழி இல்லை. அக்கா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு மண்வெட்டியோடு ஓடிவந்தா.

"ஏன் புள்ள வலைய நக்குற? பசிக்குதா?"

நான் சிரித்த சிரிப்பில் அவவும் சிரித்தா. அன்றைக்குப் பின்னேரம் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து தந்தா. எனக்கு உண்மையில் பசிதான்.

வலையை வெயிலில் போடவில்லை. நைலோனை உப்பைவிட வெயில்தான் கெதியாகத் தின்னும். பார்த்தால் வலை மாதிரியே இருக்கும், இழுத்தால் வைக்கோல் போல அறும். பூவரச மர நிழலில் காயவிட்டு, சாக்கில் சுற்றி, கொட்டில் கூரையின் வளைமரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். எலி கயிறு வழியே இறங்கிவிடாமல் இருக்க, பால்மாத் தகரப் பேணியின் மூடியில் துளை போட்டுக் கயிற்றின் நடுவில் கோத்துவிட்டேன். எலி மூடிவரைக்கும் வரும், அதைத் தாண்டாது. அக்கா விதைச் சோளத்தை அப்படித்தான் தொங்கவிட்டிருந்தா. பார்த்துப் பழகிக்கொண்டேன். மாதத்துக்கொரு தரம் இறக்கி, வேறு மடிப்பாக மடித்து மறுபடி ஏற்றுவேன். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்திலேயே நூல் சோர்ந்துவிடும்.

வலையோடு சுருட்டிக் கொண்டுவந்த தூண்டில் முட்கள் துருப்பிடிக்காமல் பூச மண்ணெண்ணெய் இல்லை. விளக்குக்கே இல்லாத காலம். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, முனையை மட்டும் உருக்கிய மெழுகில் தோய்த்து வைத்தேன். மெழுகுதிரிக் கட்டைகளைச் சிலுவை நட்டிருந்த கோயில் கொட்டிலில் பூசை முடிந்த பிறகு பொறுக்கினேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று பகிரங்கமாகவே பொறுக்கினேன். மிதவைகள் வெடித்துப்போனபோது தேய்ந்த ரப்பர் செருப்புகளை வட்டமாக வெட்டிக் கோத்தேன். அகதி முகாம் பக்கம் போனால் சோடி தவறிய செருப்புகளுக்குக் குறைவே இல்லை.

இதையெல்லாம் பார்த்துச் சனம் சிரித்தது. கடல் இருக்கும் இடத்துக்கு அரைநாள் சைக்கிள் உழக்க வேண்டும், போனாலும் ராணுவம் இருக்கும் எங்கள் கரையில் கால் வைக்க முடியாது. இவள் யாருக்கு வலை காக்கிறாள்? என் கணவரும் அந்தப் பக்கம் சாயத் தொடங்கினார். அவர் மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்கு நின்றார். கடலில் ஒருநாளும் குனியாத முதுகு குனிந்து போயிற்று. "உந்த வலையை ஏன் இன்னும் கட்டித் தூக்கிறாய்?" என்று கேட்டார். நான் சாக்கின் முடிச்சை இன்னும் இறுக்கினேன். வாய் திறந்திருந்தால் சண்டை வந்திருக்கும்.

மூன்றாவது வருஷம் மிளகாய் காய்க்கும் காலத்தில் பெரியத்தான் வந்தார். என் கணவரின் தமையன். கடலில் இருந்த காலத்தில் வள்ளம் அவருடையது, அதனால் குடும்பத்தில் கடைசிப் பேச்சும் அவருடையது. சைக்கிள் கரியரில் கயிறு சுற்றியிருந்தது. காணிக்கார அக்காவும் கூடவே வந்து வாசலில் நின்றா. மயில்கள் கூட்டமாக இறங்கி மிளகாயைக் கொத்திக்கொண்டிருந்தன. சுற்றிக் கட்ட வலை வேண்டும் என்று அவ கேட்டிருக்கிறா. பெரியத்தான் எங்கள் வலையைத் தருவதாகச் சொல்லி, விலையாகப் பங்கீட்டுக் கூப்பன் அரிசியோடு நெல்லும் சேர்த்துப் பேசிவிட்டார்.

"இறக்கு வலையை" என்றார் தம்பியிடம்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, கயிற்றை அவிழ்த்து, வலையை நானே இறக்கினேன். பாயை விரித்து அதன்மேல் வலையைப் போட்டேன். பிறகு அதன் நடுவில் ஏறிக் குந்தினேன்.

பெரியத்தானின் முகம் கறுத்துவிட்டது. எங்கள் கரையில் பெண் வலையைக் கடந்தாலே குற்றம். அதன்மேல் குந்தியவளை யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

"எழும்பு! பொம்பிளை குந்தின வலையில மீன் படுமோ?"

"மீனுக்கோ குடுக்கப் போறியள், பெரியத்தான்? தோட்டத்துக்குத்தானே. மயிலுக்கு உதெல்லாம் தெரியாது."

"கதையாதை. எழும்பு எண்டுறன்."

"இது கடலுக்குப் போற வலை எண்டு உங்கட வாயால சொல்லுங்கோ. இப்பவே எழும்பிறன்."

எழும்பு என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைச் சொன்னால் வலையை விற்க முடியாது. சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். நான் வலையின் கண்ணிகளுக்குள் விரலை விட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

என் கணவர்தான் முதலில் அசைந்தார். கரியரிலிருந்த கயிற்றை அவிழ்த்துத் தமையனின் கையில் கொடுத்தார். "அண்ணை, போயிட்டு வாங்கோ. அவள் எழும்பமாட்டாள்" என்றார். அவரது குரலில் கோபம் இல்லை. அவரும் விற்க விரும்பியிருக்கவில்லை என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். முன்பே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று ஆத்திரம் வந்தது. அதை அன்று இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறினேன்.

அக்கா என் பக்கத்தில் வந்து குந்தினா, வலையில் படாமல். "இந்த வலைல ஒனக்கு இம்புட்டு இருக்குன்னு எனக்குத் தெரியாதே புள்ள. அந்தாளு பழசுன்னுதான் சொன்னாரு."

அவவுக்கு மயில் தொல்லை பொய்யில்லை. எலி கடித்ததும், கரையில் இருந்த காலத்திலேயே வெயில் பட்டு இற்றதுமான ஓரத்துண்டுகளை நான் வெட்டிச் சேர்த்து வைத்திருந்தேன். கடலில் அது ஒரு மீனின் துள்ளலைத் தாங்காது, மயிலின் காலுக்குப் போதும். அவற்றை ஒன்றாக இணைத்து, இரண்டு பக்க வேலிக்குக் காணும் அளவில் கட்டிக் கொடுத்தேன். நெல் வேண்டாம் என்றேன். ஆனாலும் தந்தா, வாங்கிக்கொண்டேன்.

சில வருஷங்களுக்குப் பிறகு எங்கள் கரைக்குத் திரும்பலாம் என்ற கதை வந்தபோது, எல்லோரும் வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசினார்கள். நான் புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் போனேன். வலையின் கிழிசல்களுக்குத் தங்கூசி, அதுதான் அந்தக் கண்ணாடி போன்ற நைலோன் நூல், அதோடு கொஞ்சம் முள்ளும் வேண்டும். தடைகளைத் தாண்டிப் பல கை மாறி வந்த சாமான்கள். எந்தக் கடையில் எத்தனை மாதம் வெயிலில் காய்ந்தன என்று யாருக்கும் தெரியாது. கடைக்காரர் முன்னால் தொங்கிய சுருளை எடுத்துத் தந்தார்.

"உது வேண்டாம். அடியில கிடக்கிறதைத் தாங்கோ."

"எல்லாம் ஒண்டுதான் தங்கச்சி."

அவர் தந்த நூலில் ஒரு முடிச்சுப் போட்டேன், எச்சிலால் நனைத்தேன், மெல்ல இழுத்தேன். முடிச்சிலேயே அறுந்தது. அறுந்த இரண்டு துண்டுகளையும் அவருடைய மேசையில் வைத்தேன். நனைக்காமல் இழுத்தால் நல்ல நூலும் அறும். அதனால் எச்சில் தொட்டதை அவரும் பார்க்கவேண்டுமென்று காட்டியே தொட்டேன். பிறகு முட்களை ஒவ்வொன்றாகப் பெருவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்தேன். நல்ல முள் நகத்தில் கவ்வும், மொட்டை முள் வழுக்கும்.

"புருஷனை வரச் சொல்லுங்கோ. பொம்பிளையள் முள்ளுப் பாத்து நான் காணேல்லை" என்றார்.

"இப்ப கண்டிட்டியள்தானே. மற்றப் பெட்டியைத் திறவுங்கோ."

பின்னால் நின்ற இரண்டு மீனவர்கள் தங்கள் கையிலிருந்த சுருள்களையும் முடிச்சுப் போட்டு இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைக்காரர் முனகிக்கொண்டே குனிந்து, அடியிலிருந்த பெட்டியை இழுத்தார். அதிலிருந்த நூல் அறவில்லை. என் விரல்தோல்தான் அறுந்தது.

கரையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் சுவர்கள் இடுப்பளவு நின்றன. தறப்பாளைக் கூரையாகக் கட்டிக்கொண்டு, முதல் வேலையாக வலையை விரித்துக் கிழிசல்களைப் பொத்தினேன். பெரியத்தான் எங்கோ ஒரு பழைய வள்ளத்தைத் தேடித் திருத்தி எடுத்தார். அப்போது கரையில் வள்ளங்கள் சில இருந்தன, முழு வலைதான் யாரிடமும் இல்லை. என்னோடு பேசாமல் இருந்தவர், தம்பி மூலம் வலை கேட்டு அனுப்பினார். கொடுத்தேன்.

முதல் நாள் பெரிதாக ஒன்றும் படவில்லை. பொடிமீனான சூடையும் நல்ல விலைபோகும் பாரை கொஞ்சமும், வலையைச் சிக்காக்கிய நண்டுகளும். கரையில் வைத்துப் பெரியத்தான் பங்கு பிரித்தார். வள்ளத்துக்கு ஒன்று, தனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. எங்கள் கரை வழக்கப்படி வலைக்கும் ஒரு பங்கு உண்டு. அதை அவர் வைக்கவில்லை. "வலை வீட்டு வலைதானே" என்றார்.

நான் பனையோலைக் கடகத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"வலைக்கு."

"அது தம்பியின்ர பங்குக்குள்ள..."

"இல்லை. அது என்ர வலை, பெரியத்தான்."

கரையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். என் கணவர் தலையைக் குனிந்து நண்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் வாயோரத்தில் சிரிப்பு இருந்தது. பெரியத்தான் சிறிய சூடைகளாக அள்ளி என் கடகத்தில் போட்டார். நான் குனிந்து, அவற்றில் பாதியைத் திருப்பிக் கொட்டிவிட்டு, வள்ளத்துப் பங்கிலிருந்த பாரை இரண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். கடகத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தேன்.