குரல் போன டீச்சரின் ஐந்தாம் வகுப்பு

ஆபரேஷன் முடிந்து பள்ளிக்குத் திரும்பிய அன்று டீச்சர் கழுத்தில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றியிருந்தார். வகுப்பு வாசலில் நின்று “உள்ள வாங்க” என்றார். அவருக்குப் பின்னால் நின்ற எனக்கே அது கேட்கவில்லை. பிள்ளைகள் அவரை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

மீன்சுருட்டிப் பக்கம் நான் கடைசியாக வேலை பார்த்த தொடக்கப்பள்ளி அது. ஒரே கூடம், நடுவில் இரண்டு பீரோக்கள்தான் சுவர். இந்தப் பக்கம் என் நான்காம் வகுப்பு, இருபத்தொன்பது பேர். அந்தப் பக்கம் டீச்சரின் ஐந்தாம் வகுப்பு, முப்பத்து நான்கு பேர். இடைவேளை முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் எண்ணினால்தான் எனக்கு மனம் அடங்கும். கொரோனாவுக்காக நெடுநாள் மூடிக் கிடந்த பள்ளியைத் திறந்திருந்த நேரம். உட்காருவதையே மறந்து வந்திருந்த பிள்ளைகள். டீச்சருக்கோ தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் திரும்பவில்லை. கத்தவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எங்கள் தலைமையாசிரியர் காதால் மேற்பார்வை செய்கிறவர். ஆசிரியர் குரல் அவர் அறைவரை கேட்டால் பாடம் நடக்கிறது என்று பொருள். ஐந்தாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளின் கூச்சல் மட்டுமே வந்ததும் என்னைக் கூப்பிட்டார். “அஞ்சையும் நீங்களே சேத்துப் பாருங்க சார். அவங்க லீவு போட்டுக்கட்டும்.” அறுபத்து மூன்று என்று உடனே கூட்டிப் பார்த்தேன்.

டீச்சரிடம் சொன்னேன். கிட்டே வந்து, காற்றும் கரகரப்புமான குரலில் சொன்னார்: “வூட்ல உக்காந்தா இருக்கிற குரலும் போயிடும் சார். இந்த ஒரு மாசம் விடச் சொல்லுங்க.” தலைமையாசிரியர் அரைமனதாகத் தலையாட்டினார்.

அந்த மாதம் முழுக்க என் பாடத்தில் பாதியை பீரோ இடுக்கு வழியாகப் பார்த்தபடிதான் நடத்தினேன். டீச்சர் மணி அடிக்கும் முன்பே கரும்பலகையில் முதல் கணக்கை எழுதிவிடுவார். பிள்ளைகள் உட்கார்ந்ததும் கைக்கு வேலை இருக்கும். வாசலில் நின்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார். யார் சாப்பிடாமல் வந்தது, யார் சண்டை போட்டு வந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும். வகுப்புத் தலைவி ‘அடங்காதவர்கள்’ என்று பலகையில் பெயர் எழுதும் வழக்கத்தை டீச்சர் நிறுத்தினார். பெயர் வந்துவிட்ட பிள்ளை அதற்கு மேல் எதற்கு அடங்கப் போகிறது?

அமைதி வேண்டுமென்றால் கையை உயர்த்தி நிற்பார். பார்த்தவர்களும் உயர்த்த வேண்டும். முதல் வாரம் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. வலது கை வலித்தால் இடது கையால் தாங்கிக்கொண்டு நின்றார். ஒரு பிள்ளை பேசிக்கொண்டிருந்தாலும் பாடத்தைத் தொடங்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை, இந்தப் பக்கமிருந்து அதட்டினேன். டீச்சர் எட்டிப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். நான் அதட்டி வரும் அமைதி நான் வாயை மூடியதும் போய்விடும் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. பேசுகிற பிள்ளையின் பக்கத்தில் போய் நின்று, நோட்டில் விரலை வைப்பார். அவ்வளவுதான். கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசியில் தலைமையாசிரியரின் காதுக்கு எதுவுமே எட்டவில்லை. அதுதான் வினையாயிற்று.

“என்ன, ஒரு சத்தத்தையும் காணோம்? டீச்சர் எங்க?” என்று கத்திக்கொண்டே வந்தார். டீச்சர் கடைசி வரிசையில் ஒரு பையனுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுக்கக் குனிந்திருந்தார். முதல் வரிசையில், ஒரு காலத்தில் பலகையில் தினமும் பெயர் ஏறிய வாயாடிப் பெண் எழுந்தாள்.

“சார், மெதுவாப் பேசுங்க. நீங்க கத்துனா டீச்சரும் பதிலுக்குக் கத்தணும்ல? டாக்டரு கூடாதுன்னுட்டாரு.”

சொல்லிவிட்டுக் கையை உயர்த்தினாள். வகுப்பு முழுவதும் உயர்த்தியது. தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பி, “உங்க கிளாஸ்தான் சந்தைக்கடையா இருக்கு சார்” என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார். வகுப்பைச் சேர்க்கும் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். டீச்சர் குரும்பலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாறுதலாகிப் போனார். மாலையில் எப்போதாவது போன் செய்வேன். அவர் கணவர்தான் எடுப்பார். தொண்டை இன்னும் மோசம் என்பார். இந்த வருடமும் ஐந்தாம் வகுப்புதான் கேட்டு வாங்கியிருக்கிறார் என்பார். “அவங்ககிட்ட குடுக்கட்டுங்களா சார்?” என்று கேட்பார். வேண்டாம் என்றுவிடுவேன். அந்தக் குரலில் மிச்சமிருப்பது நாளைக் காலைக்கு வேண்டும்.