ரேடியோவில் வீடியோ கேம் ஆடியவர்

போன வாரம் நாமக்கல்லில் ஒரு செல்போன் கடைக்குப் போயிருந்தேன். பேட்டரி மாற்ற வேண்டும். கடைக்காரத் தம்பி என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கண் முழுக்க டி.வி.யில் இருந்தது. அதில் ஒரு பெண், புதிதாக வந்திருக்கும் வீடியோ கேம் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, இதை யார் வாங்கலாம், யார் வாங்கவே கூடாது என்று படபடவென்று பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த மேடம் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா போதுங்க சார், மறுநாளே நாலு பேர் வந்து கேப்பாங்க. நல்லால்லைன்னு சொல்லிட்டாங்கன்னா அந்தச் சரக்கு இங்கயே தூங்க வேண்டியதுதான்" என்றார் தம்பி.

"இவரை எனக்குத் தெரியும்பா. முன்னால் ரேடியோவில் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தார்."

தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வயசாகிவிட்டது பாவம், என்று நினைத்திருக்க வேண்டும். "ரேடியோவுலீங்களா?"

ஆமாம், ரேடியோவில்தான்! அந்தத் தம்பிக்குச் சொல்ல நேரமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

அவர் பெயர் தமிழரசி. ஊர் காளப்பநாயக்கன்பட்டி. அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், நிலக்கடலை வெள்ளாமை. தொண்ணூற்றெட்டு வாக்கில் நாமக்கல் வந்து கம்ப்யூட்டர் படித்தார். அப்படியே ஒரு வானொலி நிலையத்தில் தற்காலிக அறிவிப்பாளர் ஆனார். இரண்டாயிரம் பிறந்த புதிதில், சனிக்கிழமை சாயங்காலம் பதினைந்து நிமிஷம் அவருக்குக் கொடுத்தார்கள். 'கம்ப்யூட்டர் பற்றி ஏதாவது பேசும்மா' என்று ஒப்புக்குக் கொடுத்த பதினைந்து நிமிஷம்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பாதி நேரம் கம்ப்யூட்டர் பாடம். மீதி நேரம் வீடியோ கேம். ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அவர் ஆடுவார். ஆடுவதை வர்ணனையாகச் சொல்வார். "நம்மாளு இப்ப பாலத்து மேல நிக்கறானுங்க… கீழ தண்ணி… எதுத்தாப்புல ரெண்டு குகை. வலது பக்கமா, இடது பக்கமா? கார்டு போடுங்க!" - அத்தோடு நிறுத்திவிடுவார். நேயர்கள் போஸ்ட் கார்டு போட வேண்டும். எந்தப் பக்கத்துக்கு அதிகக் கார்டோ, அடுத்த சனிக்கிழமை அந்தக் குகைக்குள் போவார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. கண்ணால் பார்த்து ஆட வேண்டியதைக் காதால் கேட்டு என்ன செய்வது? புகைப்படத்தைப் போனில் வர்ணிக்கிற கதைதான், என்று நண்பர்களிடம் கேலி பேசியிருக்கிறேன். ஆனால் சனிக்கிழமை ஆனால் கேட்பேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்… இரண்டு முறை கார்டும் போட்டிருக்கிறேன்.

நிலையத்துக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். வந்ததும் அவர் கண்ணில் பட்டது இந்த நிகழ்ச்சிதான். "கார்டெல்லாம் பாதிக்கு மேல கொல்லிமலையிலிருந்து வருது. அங்க எத்தனை வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு? யாரோ ஒருத்தர் உட்கார்ந்து மொத்தமா எழுதிப் போடறாங்க. உங்களுக்கு வேண்டப்பட்டவங்களா?" என்று கேட்டிருக்கிறார். நிகழ்ச்சி போனால் தமிழரசிக்கு அங்கே வேறு வேலை கிடையாது. அதைவிட, பொய்க் கார்டு என்று சொன்னதுதான் அவரை ரொம்பச் சுட்டுவிட்டது.

"நேர்ல வந்து பாருங்க சார். அப்புறம் நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமை வானொலியிலும் அறிவித்துவிட்டார்: "நாளைக்கு கொல்லிமலையில சோளக்காடு சந்தைக்கு கம்ப்யூட்டரோட வாரேனுங்க. நீங்களே வந்து ஆடலாம்."

அன்று எனக்கும் தமிழரசி போன் செய்தார். ஏதோ ஒரு விழாவில் பேசிப் பழக்கம். "நீங்களும் வாங்க சார். ஒருத்தரும் வரலைன்னா பேசிட்டிருக்க ஒரு ஆளாச்சும் வேணுமில்லீங்களா?"

வேனில் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் அதிகாரி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். சோளக்காட்டில் ஒரு மிளகு மண்டிக்காரர் கரண்ட் கொடுத்தார். கடை வாசலில் மேஜை போட்டு, கம்ப்யூட்டரை வைத்து, துணியால் துடைத்துத் தமிழரசி தயாராக நின்றார்.

பத்தரை ஆயிற்று. வாழைத்தார் வாங்குகிறவர்கள் வாங்கினார்கள். பலாப்பழம் விற்கிறவர்கள் விற்றார்கள். மேஜைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"வந்திருக்காங்களேப்பா… அதோ, குழாய்கிட்ட" என்றார் மண்டிக்காரர்.

ஊர்ப் பொதுக் குழாயில் இருபது முப்பது பேர் வரிசையாக நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்கள். துண்டில், முந்தானையில் நன்றாக ஈரம் போகத் துடைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரைத் தொடும் முன் கையைக் கழுவித் துடையுங்கள் என்று தமிழரசி வாராவாரம் சொல்வது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முதலில் உட்கார்ந்தவர் வெள்ளையன். கொல்லிமலைக்குள்ளேயே திண்ணனூர் நாடு என்ற பகுதியிலிருந்து பஸ் பிடித்து வந்தவர். மரவள்ளி, சாமை வெள்ளாமைக்காரர். மேஜை மேலிருந்த மவுஸை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அப்புறம் அதை அப்படியே அரை வட்டம் திருப்பினார். ஒயர் அவர் வயிற்றைப் பார்த்து வந்தது. பட்டன் இரண்டும் மணிக்கட்டுக்குக் கீழே போயின. அழுத்திப் பிடித்து வலது பக்கம் நகர்த்தினார். திரையில் அம்பு இடது பக்கம் ஓடியது.

"மவுஸ் பிடிக்கவே தெரியலையே. இவரா வாராவாரம் கேட்கறவர்?" என்றார் அதிகாரி.

அடுத்து ஒரு பெண் உட்கார்ந்தார். அவரும் மவுஸைத் திருப்பினார். அடுத்தவரும் திருப்பினார். அதற்கடுத்தவர் உட்காரும் முன்பே திருப்பி வைத்துக்கொண்டார்!

தமிழரசிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்கண்ணா, எல்லாரும் ஏன் இப்படித் திருப்பிப் புடிக்கறீங்க?" என்று வெள்ளையனைக் கேட்டார்.

"நீதானே அம்மணி சொன்ன? ஏர் ஓட்டறப்ப கையில கவுறு இருக்கறாப்புல இதுக்கும் ஒரு ஒயர் இருக்கும், மாட்டைத் திருப்பறாப்புல அம்பைத் திருப்பணும்னு. கவுறு நம்ம பக்கம் இருந்தாத்தானே கண்ணு, மாடு முன்னால போவும்?"

யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் சொன்னதில் என்ன தப்பு? மவுஸைப் பார்த்தறியாதவருக்கு ஏர் ஓட்டுவதை உவமை சொன்னால், ஏர் ஓட்டத் தெரிந்தவர் வேறு எப்படித்தான் பிடிப்பார்?

"தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கீங்கம்மா" என்றார் அதிகாரி.

"ஆமாங்க சார், என் தப்புதான்." வரிசையைக் கையால் காட்டினார். "ஆனா வேற வேற ஊர்க்காரங்க சார் இவங்க. எல்லாரும் ஒரே தப்பை ஒரே மாதிரி பண்றாங்களே… என்கிட்ட இல்லாம வேற யார்கிட்ட சார் கத்துக்கிட்டிருப்பாங்க?"

அதிகாரி வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். நானும்தான்.

இதற்குள் வெள்ளையன் மறுபடி உட்கார்ந்து, அந்தத் தலைகீழ் மவுஸை வைத்தே நம்மாளைப் பாலம் தாண்ட வைத்துவிட்டார். ஓட்டிக்கொண்டே கேட்டார், "போன வாரம் நாங்க ஊரே வலது குகைன்னு கார்டு போட்டோம். நீ இடது பக்கம் போயிட்டியே, ஏன் அம்மணி?"

"இடதுக்கு மூணு கார்டு கூடுதலா வந்துதுங்கண்ணா."

"யாரு போட்டாங்க அதை?"

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அதிகாரி எழுந்து குழாயடிக்குப் போனார். கை கழுவிக்கொண்டு வந்து வரிசையில் கடைசியாக நின்றார். நிகழ்ச்சி நிற்காது என்பது எங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் தமிழரசியைக் கெட்டிக்காரர் என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன். அடுத்த சனிக்கிழமை ரேடியோவைத் திருப்பினேன். எப்படிச் சமாளிக்கப் போகிறார் என்று ஆவல். அவர் சமாளிக்கவே இல்லை. "போன மாசம் மவுஸைப் பத்தி நான் சொன்னது தப்புங்க. நீங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டீங்க. நான்தான் சரியாச் சொல்லலீங்க" என்று ஆரம்பித்தார். பதினைந்து நிமிஷமும், ஒரு மவுஸை எப்படி வைப்பது, எந்த விரல் எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் நிதானமாகச் சொன்னார். அன்றைக்கு ஆட்டம் கிடையாது.

மைக்கைப் பிடித்துக்கொண்டு 'நான் சொன்னது தப்பு' என்று சொன்னவர்கள் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? டி.வி., சென்னை, புகழ் எல்லாம் அவருக்கு அப்புறம் வந்தன. வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

எனக்கு இருப்பது கொஞ்சம் பொறாமைதான். வருஷக்கணக்காக எழுதுகிறேன்… என் பேச்சைக் கேட்டு இன்றுவரை ஒருவர்கூட எதையும் தலைகீழாகப் பிடித்ததாகத் தகவல் இல்லை!