மூன்று மாதம் யாரும் கேட்காத நாவல்

நாமக்கல்லில் ஒரு லாரி பாடி பட்டறையின் மாடியில், மாதம் ஒரு ஞாயிறு காலை எங்கள் வாசகர் கூட்டம் நடக்கும். அவரவருக்குப் பிடித்த நூலைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். கை தூக்குபவர் அதை எடுத்துப்போகலாம். யாரும் தூக்காவிட்டால் கொண்டுவந்தவரோடே அது வீடு திரும்பும்.

கிணறு வெட்டும் குடும்பத்தைப் பற்றிய என் பிரியமான நாவல் மூன்று மாதம் அப்படித்தான் திரும்பியது. மூன்றாம் முறை, கோழிப்பண்ணை நடத்தும் அம்மா ஒருவர் கேட்டேவிட்டார்.

“ஏனுங்க, கடைசி வரைக்கும் தண்ணி வரலைன்னு எடுத்ததுமே சொல்லிப்போடறீங்க. அப்பறம் நாங்க எதுக்குங்க படிக்கோணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். முக்கியமானதை முதல் வரியில் சொல்வது என் பத்திரிகைப் பழக்கம். நாவலுக்கும் அதையே செய்திருக்கிறேன்.

நான்காம் மாதம் நான் எதுவும் பேசவில்லை. ஒரு பக்கம் மட்டும் வாசித்தேன். அந்தக் குடும்பத்து மருமகளைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். பாதியில் கயிறு தொய்கிறது. அங்கே புத்தகத்தை மூடிவிட்டேன்.

“அந்தப் புள்ள மேல வந்துச்சாங்க?” என்றார் அதே அம்மா.

“படிச்சுப் பாருங்க.”

“அட, குடுங்க இங்க!”

அவர் எழுவதற்குள் இன்னும் மூன்று கைகள் உயர்ந்துவிட்டன. யாருக்குத் தருவது என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்தோம்.