ஜிம்மிக்கு ஊசி போட்ட கை

பிரியமானவர்களே, இந்தச் சாட்சியைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை. என் வீட்டுக்காரர் ஞானமுத்து இறந்து ஏழு மாதம். கோவில்பட்டியில் குழாயில் தண்ணீர் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவர் வளர்த்த நாய் ஜிம்மி, வைத்த தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்தது. சோறும் தின்றது. ஆனால் விலா எலும்பு தெரிய மெலிந்தது. ஒருநாள் அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. அவருக்கும் முதலில் இப்படித்தான் எறும்பு வந்தது.

கால்நடை டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கும் சுகர்தாம்மா. ரெண்டு வேளை இன்சுலின் போடணும். வீட்லயே மூத்திரத்தைச் சோதிச்சு எழுதி வைக்கணும். முடியுமா?"

எனக்கு ஊசி போடத் தெரியும். ஒன்பது வருஷம் அவருக்கு நான்தான் போட்டேன். பிறகு நம் ஜெபக்கூட்டத்தை நடத்துகிற எஸ்தர் அக்கா, "விசுவாசம் இருந்தா ஊசி எதுக்கு தம்பி?" என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் ஊசியை நிறுத்திவிட்டார். நானும் ஆமென் சொன்னேன். ஆறாம் நாள் அவருக்கு மூச்சு இரைத்தது. காரில் ஏற்றித் திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம். வழியில் இடைசெவல் ஊரைத் தாண்டுமுன் உயிர் போய்விட்டது.

அடக்கத்தன்று அக்கா சொன்னது, "விசுவாசம் பத்தல."

அக்கா இதோ முன்னால்தான் இருக்கிறார்கள். ஜிம்மிக்காக ஜெபிக்கச் சொன்னபோதும், "ஏட்டி, நாய்க்கெல்லாமா ஜெபம்?" என்று சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஊசியை எடுத்தேன். கை நடுங்கியது. இரண்டு நாள் அப்படியே போனது. ஜிம்மி எழுந்திருக்கவே இல்லை. மூன்றாம் நாள் காலை அதன் பக்கத்தில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அவர் உயிரைக் கேட்டேன், நீர் தரவில்லை. என் கையையாவது நடுங்காமல் வையும்" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

கை நின்றது. போட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் கரண்டியோடு அதன் பின்னால் நடந்து மூத்திரம் பிடித்தேன். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு கலந்து சூடாக்கினால் செங்கல் நிறம் வரும். சர்க்கரை அதிகம் என்று அர்த்தம். நாளாக நாளாக அது பச்சைக்கு வந்தது. ஒருநாள் நீலமாகவே நின்றது, சர்க்கரையே இல்லை. ஸ்தோத்திரம் சொல்லி ஊசியில் மருந்தை ஏற்றினேன். திரும்பிப் பார்த்தால் ஜிம்மி தள்ளாடிச் சுவரில் மோதுகிறது. சர்க்கரை இறங்கினால் இப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஊசியை வைத்துவிட்டுச் சீனித் தண்ணீரை ஈறில் தடவினேன். கொஞ்ச நேரத்தில் என் விரலை நக்கியது.

அன்றைக்கு ஓவென்று அழுதேன். இந்த நாய்க்குக் காட்டிய கவனத்தை அவருக்குக் காட்டாமல் போனேனே!

அந்தச் சுகரால் ஜிம்மிக்குக் கண் பார்வை போய்விட்டது. ஆனாலும் மூன்று வருஷம் வீட்டைத் தடவித் தடவி என்னோடு வாழ்ந்தது. நான் கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார். அவருக்கு நன்றி சொல்கிறேன். அவரை நம்புங்கள், என்னைப்போல் மருந்தைக் கைவிட்டு நம்பாதீர்கள்.

பின்வரிசையில் இருக்கிற தங்கச்சி, போன வாரம் சுகர் மாத்திரையை நிறுத்திட்டேன்னு சொன்னியே. கூட்டம் முடிஞ்சதும் உன் வீட்டுக்கு வாரேன். நீ அதை முழுங்குறதைப் பாத்த பிறகுதான் உனக்காக முழங்கால் போடுவேன்.