ஒரே மாதிரி மணிக்கூடு

வயலுக்கும் கந்தோர் வேலைக்கும் கலியாண வீட்டுக்கும் ஒன்றே போதுமென்று ஒரு கைமணிக்கூடு வாங்கக் கிளிநொச்சிக்குப் போயிருந்தேன். கடையில் எனக்குப் பிடித்த வெள்ளி நிற மணிக்கூட்டைப் பக்கத்தில் நின்றவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். கழுத்தில் செபமாலை, வலைக்கயிறு அறுத்த விரல்கள். நாயாற்றில் மீன்பிடிக்கிறவராம். கட்டியதும் கடைக்காரருக்கும் எனக்கும் முகத்துக்கு நேரே கையை நீட்டி, “வடிவாப் பாத்து வையுங்கோ” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “இதே மாதிரி எனக்கும் ஒண்டு தாங்கோ” என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

அந்த மீன்பிடிக்கிறவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

“வேண்டாம் தம்பி, வேற எடுங்கோ. ஒருக்கா எங்கட கரையில ஒரு பிரேதம் ஒதுங்கினது. முகத்தைப் பாத்து ஆரெண்டு சொல்லேலாது. கையில என்ர மாதிரியே மணிக்கூடு. நான்தான் எண்டு அடக்கம் செய்துபோட்டினம். அந்த நேரம் படகு எஞ்சின் பழுதாகி நான் இந்தியக் கரைக்கு அள்ளுப்பட்டுப் போனனான். திரும்பி வந்த அண்டைக்குக் கோயிலில என்ர முப்பத்தோராம் நாள் பூசை நடக்குது.”

“அப்ப அது ஆர்?”

“இண்டைக்கும் தெரியாது. கல்லறைக் குருசில என்ர பேர்தான் கிடக்குது. நான் அழிக்க விடேல்லை. அந்த ஆளுக்கும் ஒரு பேர் வேணுமெல்லே?”

கறுப்புப் பட்டி போட்ட வேறொன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். அது எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. ஆனால் பஸ்ஸில் யாருடைய கையிலாவது என்னுடையதைப் போலவே ஒன்றைக் கண்டால், இறங்கும் வரை அவர் முகத்தை வடிவாகப் பார்த்து வைத்துக்கொள்கிறேன்.