பெண்டிங் தெரியும்

பாகலூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் விட்டு வந்தது தகடு வளைக்கும் ஒரு பட்டறை; அங்கே அந்த வேலைக்குப் பெயர் பெண்டிங். அலுமினியத் தகட்டுக்கும் மரத்தைப் போல ரேகை உண்டு. அதற்குக் குறுக்கே மடித்தால் பணியும். ரேகையோடு மடித்தால் விரிசல் விடும். இதை அன்று காலை நாற்பது தகடுகளை வீணாக்கிக் கற்றுக்கொண்டேன். நாற்பத்தோராவதைப் பட்டறைக்காரர் என் கையில் தரவில்லை. வேலையோடு மாடியில் படுக்க இருந்த இடமும் போயிற்று. ஒன்பதாம் வகுப்போடு கிளம்பியவனுக்கு இது ஏழாவதோ எட்டாவதோ முறை. இருட்டுவதற்குள் தங்க இடம் தரும் வேலை வேண்டும், அவ்வளவுதான்.

டீக்கடையில் ஓர் அக்கா போனில் யாரையோ காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“பெண்டிங்குக்கு ஆளு கேட்டா, நீ அனுப்புன ரெண்டு பேரும் ஒடிச்சுத் தள்றாங்க!”

டீயைப் பாதியில் வைத்தேன்.

“அக்கா, எனக்கு பெண்டிங் தெரியும்.”

“எத்தினி வருஷம்?”

“மூணு.” மூன்று மாதத்தைத்தான் அப்படி நீட்டினேன். பொய் விரிசல் விடவில்லை.

“எவ்ளோ தடிமன்க்கா?”

“பென்சில் தடிமன்.”

கம்பி போலிருக்கிறது என்று நினைத்தேன். “மெஷினா?”

“கைதான்பா, மெஷினாம்! ரெண்டு ஒடிஞ்சா பரவால்ல. மூணாவது ஒடிச்சா பஸ் ஏத்தி உட்ருவேன்.”

“தங்க இடம்?”

“இன்னிக்கு ஷெட்டுல படு. காலையில உன் கையப் பாத்துட்டு ரூம் சொல்றேன்.”

காலையில் பாலித்தீன் கூரை போட்ட நீண்ட கொட்டகைக்குள் கூட்டிப்போனார். உள்ளே கம்பியும் இல்லை, தகடும் இல்லை. வரிசை வரிசையாக ரோஜா.

“பூ வராத குச்சிய வெட்டக் கூடாது. அடியில மடக்கிச் சாச்சு உடணும். எல இருந்து செடிக்குச் சாப்பாடு போடும், தடியான குச்சி கெளம்பும். தெரியும்ல?”

“தெரியும்” என்றேன்.

முதல் குச்சி பட்டென்று ஒடிந்தது. இரண்டாவது என் விரலைக் குத்திவிட்டு ஒடிந்தது.

“அண்ணா, அது ரோஜா. பகையாளி கழுத்து இல்ல” என்றாள் பக்கத்து வரிசைப் பெண்.

“மூணு வருஷம் எதுல பெண்டிங் பண்ண?” என்றார் அக்கா.

“தகட்டுல, அக்கா.”

கொட்டகையே சிரித்தது. அக்காவும் சிரித்து முடித்து, “மெல்லகே, மெதுவா. முறுக்கி மடக்குப்பா” என்றார்.

கட்டைவிரலை அடியில் கொடுத்து, ஈரத்துணி பிழிவதுபோல லேசாக முறுக்கிச் சாய்த்தேன். உள்ளே நார் நெறுநெறுத்தது. கையை அப்படியே நிறுத்தினேன்.

“அந்தச் சத்தம் வரணும். தோலு மட்டும் பிரியக் கூடாது.”

தோல் பிரியவில்லை. குச்சி நடைபாதைப் பக்கம் தலை சாய்த்துப் படுத்தது. அக்கா அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

“இந்த வரிசை முடிச்சுட்டு வந்து ரூம் சாவி வாங்கிக்க.”

வரிசை அந்தக் கோடிவரை போனது. குத்துக்காலிட்டு அடுத்த குச்சியைப் பிடித்தேன்.