ஸ்டியரிங் கனக்கிறது

பம்புக்காரரின் பட்டறையில் பேச்சு என்பதே அபூர்வம். பவர் ஸ்டியரிங், பிரேக் பூஸ்டர் வேலைகளில் கைராசிக்காரர் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. மனைவி பிரிந்துபோய் மகனோடு வேறு ஊரில் இருக்கிறாள். வருகிற வண்டிக்காரர்கள் சாவியைப் போட்டுவிட்டு, போனில் பேசிக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் பெரியவர் மட்டும் அப்படியில்லை. பழைய டயர்மேல் உட்கார்ந்து, மருமகள் சமையலைக் குறை சொல்லி, அரை நாளைப் போக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார். கொஞ்ச காலமாக அவருக்கு ஒரே புகார்: "ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்குப்பா."

முதல் தடவை பம்புக்காரர் பெல்ட்டை இறுக்கினார். அடுத்து ஆயிலை மாற்றினார். அதற்கப்புறம் வந்தபோதே விஷயம் புரிந்துவிட்டது. அந்த வேனில் ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் ஒரே பம்புதான் பலம் கொடுக்கிறது. பம்பு சோர்ந்திருந்தால் பிரேக்கும் சேர்ந்து கனக்க வேண்டும். பெரியவரோ பிரேக்கைப் பற்றி வாயே திறந்ததில்லை. கேஜ் மாட்டிப் பார்த்தால் பிரஷர் சரியாக இருந்தது. பம்புக்காரர் ஓட்டிப் பார்த்தபோது ஸ்டியரிங் இரண்டு விரலுக்கே வளைந்து கொடுத்தது. கோளாறு பெரியவரின் தோளில்.

ஆனாலும், "குழாயில காத்து நிக்குதுண்ணே, அடுத்த வாரம் கொண்டாங்க" என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரமும் பேச ஆள் வர வேண்டுமே.

இன்று வேனின் இடப்பக்கம் முழுக்கச் சிராய்ப்பு.

"முக்குல திருப்பினேன், திரும்பல. சுவத்துல உரசிடுச்சு. உள்ள பிள்ளைங்க வேற. உன் வைத்தியத்தை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்." பெரியவரின் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

பம்புக்காரர் பானெட்டைத் திறக்கவில்லை. "அண்ணே, வலது கையைத் தூக்குங்க."

"எதுக்கு, சத்தியம் பண்ணவா?"

"தூக்குங்க."

கை நெஞ்சு உயரத்தைத் தாண்டவில்லை.

"வண்டியில ஒண்ணும் இல்லண்ணே. எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா என்னை ஓட்டவிட்ட?"

பம்புக்காரர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார்.

பெரியவர் சாவியை மேஜைமேல் வைத்தார். "ஓனர்கிட்ட நானே சொல்லிடுறேன். வேற ஆள் வந்து எடுத்துப்பான்." வாசல்வரை போனவர் நின்றார். "இனிமே எனக்கு இந்தப் பக்கம் என்ன வேலை?"

சும்மா வாங்க என்று சொல்ல இரண்டே சொல் போதும். "உங்க குடை சீட்டுக்கு அடியில கிடக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் பம்புக்காரர்.

பெரியவர் இடது கையால் வேன் கதவைத் திறந்து குடையை எடுத்துக்கொண்டார். தெருமுனைவரை திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வண்டிக்காரன் வந்து ஹாரன் அடித்தபோதுதான் பம்புக்காரர் தெருவிலிருந்து கண்ணை எடுத்தார்.